அறுபது மீட்டருக்குக் குறைந்த சந்துகள்

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டிருப்பீர்கள். யார் வந்தாலும் இப்போது அப்படித்தான். பெரிய சாலையில் மருந்துக்கடை வரைக்கும் சரியாக வந்துவிடுகிறார்கள். அதற்குமேல் கைப்பேசி அவர்களை நட்டாற்றில் விட்டுவிடுகிறது. என் மனைவி சந்து முனையில் நின்று கைகாட்டியிராவிட்டால் நீங்களும் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருப்பீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், பெயிண்ட் காயவில்லை. இதில் உட்காருங்கள். டீ வரும். சுவரைப் பார்க்க வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் விசாரணை அறிக்கையின் வரைவு எங்கள் ஆபீசுக்கு வந்தது. படித்தேன். எழுத்து சுத்தமாக இருக்கிறது. தீயணைப்பு வண்டி ஓட்டுநர் சம்பவ இடத்தை அடையாளம் காணத் தவறினார், அவரை வேலையை விட்டு நீக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, போகிற போக்கில், 'வரைபடப் பிரிவிலும் சிறு கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம்' என்று ஒரு வரி. அந்த ஓட்டுநருக்குப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்களாம். அவருக்காகவும்தான் உங்களை வரச்சொன்னேன். ஆனால் முக்கியமாக அந்தக் கீழ் வரிக்காக. என் தலை நரைத்தது மேப் போட்டுத்தான். கவனக்குறைவாக ஒரு கோடு போட்டதில்லை. கவனக்குறைவாக ஒரு கோட்டை எடுத்ததும் இல்லை.

ஆபீசில் என்னைக் 'கலர் சார்' என்பார்கள். முன்னால் மரியாதையாகவும் பின்னால் வேறு மாதிரியும் சொல்வார்கள், இரண்டும் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் வரைபடத்துக்கு நிறம் கொடுப்பதை ஊரில் பாதிப்பேர் கோலிக்குண்டு பொறுக்குவதுபோல நினைக்கிறார்கள். மக்கள்தொகை அடர்த்தி என்று வையுங்கள். ஆள் குறைந்த இடம் வெளிர், கூடக்கூடக் கருமை. ஒரே நிறம், படிப்படியாக இறங்க வேண்டும். ஏழு படிக்குமேல் போனால் மனிதக் கண் கையை விரித்துவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும். வெயிலில் வைத்துப் பார்த்தாலும் வெளிறக் கூடாது, கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்தாலும் படி தெரிய வேண்டும். இப்படி எல்லாம் பார்த்து ஒரு பச்சையைப் பிடித்தேன். பெண் பார்க்கக்கூட நான் அவ்வளவு அலையவில்லை.

எங்கள் இயக்குநரைச் சந்தித்திருப்பீர்கள். 'ஒரே நகரம், ஒரே வரைபடம்' என்ற திட்டம் அவருடையது. பொதுவாக நாங்கள் இரண்டு விதம் வைத்திருப்போம். கிட்டே போய்ப் பார்க்க விவரமானது ஒன்று, சுவரில் மாட்டச் சுருக்கமானது ஒன்று. சுருக்கும்போது சின்னச் சந்து, சின்னக் கட்டடம் எல்லாம் விட்டுவிடுவோம். இல்லாவிட்டால் மேப்பில் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும். இதற்குப் பொதுமைப்படுத்தல் என்று பெயர். மேப் போடுகிறவனின் வேலையில் பாதி, எதை விடுவது என்பதுதான். இயக்குநருக்கு இரண்டு மேப் என்பதே பிடிக்கவில்லை. கூட்டத்தில் கேட்டார்: "சுவத்துல மாட்டினதும் வண்டில இருக்கறதும் வேற வேறன்னா, எதுதான் சார் உண்மை?" ஆழமான கேள்வி என்று நான் சொன்னேன். கூட்டத்தில் வேறு என்ன சொல்ல முடியும். அன்றிலிருந்து சுவரில் மாட்டுகிற மேப்பே குப்பை வண்டிக்கும் கூரியருக்கும் எல்லோருடைய கைப்பேசிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்த மேப்பின் அறிமுக விழாவுக்குக் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். என் மனைவி, அவள் தங்கை, தங்கையின் கணவர் மூவரும் வந்தார்கள்.

சகலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவமனைக்குப் பின்புறம் ஒரு முட்டுச் சந்து. அதன் கடைசியில் கீழே அவருடைய பெயிண்ட் கடை, மேலே வீடு. நல்ல மனிதர். சட்டைப் பையில் எப்போதும் பெயிண்ட் நிறங்கள் அச்சிட்ட ஷேட் கார்டு இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகுதான் ஆளைப் பார்ப்பார். என்னைவிட நாலு வயது சின்னவர், ஆனால் பேச ஆரம்பித்தால் எனக்கு அப்பா மாதிரி பேசுவார். எனக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை. இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

திரையை விலக்கியதும் எல்லோரும் கைதட்டினார்கள். சகலை மட்டும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, ரகசியமாகச் சொன்னார்.

"சகலை, தப்பா எடுத்துக்காதீங்க. இது பாத்ரூம் பச்சை. எங்க கடையில நாலு வருஷமா அசையாம கிடக்கு."

முதலில் சிரித்தவர் இயக்குநர். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், எங்கள் ஆபீசில் அவரைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்ததும் விடவில்லை. "நானும் அதான் நினைச்சேன்" என்றார். அங்கேயே சகலையின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் சகலை எங்கள் துறைக்குக் கௌரவ நிற ஆலோசகர்.

பிறகு நடந்ததை நீங்கள் மேப்பிலேயே பார்த்திருப்பீர்கள். ஷேட் கார்டிலிருந்து எடுத்த நிறங்கள். மக்கள்தொகைக்கு 'பாலாடை'யில் தொடங்கி 'ஈர மணல்' வரை ஏழு நிறம். ஒரே பிஸ்கட்டை ஏழு தடவை டீயில் முக்கி எடுத்த மாதிரி. நெரிசலான குடியிருப்பும் ஆளில்லாத மைதானமும் ஒரே மாதிரி அமைதியாகக் கிடந்தன. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் 'காலைத் தென்றல்'. கல்லறைத் தோட்டத்துக்கு 'மணப்பெண் நாணம்'. ஒரு வகையான இளஞ்சிவப்பு அது. அமைதியாக இருக்கிறது என்றார் இயக்குநர். அதை மறுக்க முடியாது.

அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்தது வயிறு சரியில்லாததால். என் மனைவி வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

நிறம் சகலையிடம் போயிற்று. பொதுமைப்படுத்தல் என்னிடமே இருந்தது. நிறத்தைப் பற்றி ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. விடுபட்டதைப் பற்றி யாருக்கும் கருத்து இருக்க முடியாது. அதுதானே கண்ணில் படாது.

வேலை சிக்கலானது இல்லை. இத்தனை மீட்டருக்குக் குறைந்த முட்டுச் சந்துகளை எடுத்துவிடு என்று ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். சந்து போனால் அதிலுள்ள வீடுகளுக்கு வழி இருக்காது. எனவே எந்தப் பக்கத்து இடத்தோடு அவற்றுக்கு நீளமான பொதுச் சுவர் இருக்கிறதோ, அதோடு கம்ப்யூட்டரே சேர்த்துவிடும். மற்ற ஊர்களில் நாற்பது மீட்டர் வைப்பார்கள். நான் அறுபது வைத்தேன். முழுசான எண், நினைவில் வைக்கச் சுலபம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டர் முடித்திருந்தது. ஊர், முடிவெட்டிக்கொண்டு வந்த பையன் மாதிரி பளிச்சென்று இருந்தது. பல சந்துகள் போயிருந்தன. அதில் சகலையின் சந்தும் ஒன்று. இத்தனை சந்துகள் போகும்போது அதுவும் போகும்தானே.

சந்திலிருந்த ஏழு வீடுகளும் கால்நடை மருத்துவமனையோடு சேர்ந்தன.

முதலில் கூரியர் நின்றது. பிறகு குப்பை வண்டி. கைப்பேசியில் வழி பார்த்துக்கொண்டு பெயிண்ட் வாங்கப் போனவர்கள் மருத்துவமனை வாசலில் போய் நின்றார்கள். அங்கிருந்த கால்நடை மருத்துவர் பொறுமைசாலி, முதல் பத்துப் பேருக்கு வழி சொன்னார். பதினோராவது ஆள் வெளிச்சுவருக்கு எத்தனை கோட்டு பெயிண்ட் என்று கேட்டதும் வாசலில் ஒரு கயிறு கட்டிவிட்டார். சந்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வார்டு அலுவலகத்துக்குப் போய், எங்கள் சந்து எங்கே என்று சண்டை போட்டார். அங்கே இருந்த பெண் மேப்பைத் திறந்து, அதில் காட்டச் சொன்னாளாம். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக வெளியே கை நீட்டிக் காட்டியிருக்கிறார்.

"சார், நீங்க காட்டறது சந்து. நான் கேக்கறது மேப்புல."

தெளிவான பெண். எங்கள் துறைக்கு வந்திருக்க வேண்டியவள். தலைமையாசிரியரின் மனு, மேப்பில் உள்ள இடத்தைப் பொறுத்து, கால்நடைத் துறைக்குப் போனது. அங்கிருந்து வந்தவர்கள் அவருக்கு நாய்க்கடி ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டார்கள்.

வீட்டிலும் பேச்சு வந்தது. என் மனைவி கைப்பேசியை நீட்டினாள். "ஏங்க, உங்க மேப்புல என் தங்கச்சி வீடு எங்க?"

"அது ஸ்கேலைப் பொறுத்தது" என்றேன்.

"அவ வீட்டுக்கும் ஸ்கேலுக்கும் என்ன?"

இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவளிடம் தொழில் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.  அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். சகலை மட்டும் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. வியாபாரம் படுத்துவிட்டதே என்று யாராவது கேட்டால், சீசன் சரியில்லை என்றார். பாதி நாள் எங்கள் ஆபீசில்தான் இருந்தார்.

தீப்பிடித்த மதியமும் அங்கேதான் இருந்தார். இயக்குநர் அறையில், ரயில் பாதைக்கு எது பொருந்தும் என்று ஷேட் கார்டை விரித்து வைத்துக்கொண்டு. கடைக்குப் பின்னால் பெயிண்டில் கலக்கும் தின்னர் டப்பாக்கள் அடுக்கியிருந்த அறையில் ஒயர் பொசுங்கியது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஒயரிங் என் துறை இல்லை. படிக்கட்டு முழுக்கப் புகை. மாடியில் இருந்த மனைவியின் தங்கை, மகளை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள்.

இங்கேதான் உங்கள் அறிக்கை ஓட்டுநருக்கு அநியாயம் செய்கிறது. அவர் தாமதிக்கவே இல்லை. வண்டியில் இருந்த மேப் எந்த இடத்தைக் காட்டியதோ, அந்த இடத்துக்கு நூல் பிடித்த மாதிரி வந்து நின்றார். கால்நடை மருத்துவமனை வாசல். இந்த ஊரில் என் மேப்பை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். அவரைப்போய் வேலையை விட்டு நீக்கச் சொல்கிறீர்கள்.

சுவருக்குப் பின்னால் புகை தெரிந்ததும் அவர் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டார். அவர்கள் எங்கள் ஆபீசைக் கேட்டார்கள். போன் என் மேஜைக்கு வந்தது. இது உங்கள் அறிக்கையில் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"சார், மருத்துவமனை சுவருக்குப் பின்னால புகை வருதுங்கறாரு டிரைவர். அங்க வழி ஏதாவது இருக்கா?"

பார்க்காமல் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. மேப்பைத் திறந்தேன். எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். மருத்துவமனை, ஒரே சீராக, ஈர மணல் நிறத்தில்.

"மேப்படி இல்லைங்க. அங்க எதுவும் இல்லை."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா."

வைத்ததும் என் கைப்பேசி அடித்தது. மனைவியின் தங்கை. இருமிக்கொண்டே பேசினாள். "மாமா, வண்டி சத்தம் கேக்குது, ஆனா இங்க வர மாட்டேங்குது. நீங்க மேப் ஆபீஸ்லதானே இருக்கீங்க, அவங்ககிட்ட கொஞ்சம் வழி சொல்லுங்க மாமா."

ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். குழந்தைக்கும் வைக்கச் சொன்னேன். இது சரியான ஆலோசனை என்று தீயணைப்புத் துறையின் கையேட்டிலேயே இருக்கிறது. நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் மேலிடத்து உத்தரவுப்படி மருத்துவமனைக்குத் தண்ணீர் அடித்தார்கள். கட்டுப் போட்டிருந்த நாய்களும் காலில் அடிபட்ட ஒரு குதிரையும் குளித்தன. பிறகு அந்த ஓட்டுநர் யாரையும் கேட்காமல் ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறிப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கம் ஒரு மொட்டைமாடி, ஒரு பெண், ஒரு குழந்தை. குழாயைச் சுவருக்குமேல் திருப்பினார். இரண்டு பேரையும் தோளில் போட்டு இறக்கினார். கறாராகச் சொல்வதென்றால், அன்று அவர் செய்த ஒரே விதிமீறல் அதுதான். மேப்பில் இல்லாத இடத்துக்குத் தண்ணீர் அடித்தார்.

யாரும் சாகவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர் மாடியிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். கடையும் வீடும் போயின. இதை எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்ட பிழை வரம்புக்குள் என்போம்.

டீ வந்துவிட்டது. எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்தது அவள்தான், மனைவியின் தங்கை. புருவம் இனிமேல்தான் முளைக்க வேண்டும். குழந்தை இப்போதெல்லாம் தூக்கத்தில் எழுந்து, வண்டி வந்துடுச்சா என்று கேட்கிறாள். வந்துவிட்டது என்று நான்தான் சொல்லித் தட்டிக்கொடுப்பேன்.

ஆமாம், இங்கேதான் இருக்கிறார்கள். வேறெங்கே போவார்கள். முதல் நாள் சகலை இந்த அறையில் உட்கார்ந்து அழுதார். "ஆபீஸ்ல இருக்கற எவனோ ஒரு மடையன் எங்க சந்தே இல்லைன்னு சொல்லிட்டானாம் சகலை. நீங்க இல்லைன்னா நாங்க தெருவுல நிக்கணும்." என் தலையணையை அவருக்குக் கொடுத்தேன். மடையன் என்ற சொல் மட்டும் உறுத்தியது. உங்கள் 'கவனக்குறைவு' மாதிரியே.

நன்றிக்கடனாக, நான் ஆபீஸ் போயிருந்தபோது இந்த முன்னறைக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார். இப்போது சுவரைப் பார்க்கலாம். கடையில் எல்லாம் எரிந்து, மூலையில் நாலு வருஷமாக அசையாமல் கிடந்த சரக்கு மட்டும் தப்பித்திருக்கிறது. "உங்களுக்குப் பிடிச்ச கலர்தானே சகலை" என்றார். கண்ணில் தண்ணீர், உண்மையான தண்ணீர். என்னுடைய பச்சைதான். சுவரில் பார்க்கும்போது, பாத்ரூம் பச்சை என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இதை எழுத வேண்டாம்.

சரி, நீங்கள் கேட்க வந்ததற்கு வருகிறேன். ஏன் அறுபது.

விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் எங்களுக்கு விருந்து. ஆபீசிலிருந்து அளவுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடி வைத்த சின்னச் சக்கரம், தள்ளிக்கொண்டு நடந்தால் தூரம் காட்டும். சகலையின் மகளுக்கு அதைப் பார்த்ததும் ஒரே ஆசை. பெரியப்பா, நான் தள்றேன் என்றாள். சந்து முனையிலிருந்து கடைசி வரைக்கும் அவள்தான் தள்ளிக்கொண்டு போனாள். எண்ணையும் அவளே படித்தாள். ஐம்பத்தெட்டு. சமர்த்து என்று கன்னத்தைத் தட்டினேன். வீட்டுக்கு வந்து எங்கள் முட்டுச் சந்தையும் நானே அளந்தேன். அறுபத்திரண்டு.

ஐம்பத்தெட்டுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் ஒரு எண் வேண்டியிருந்தது. அறுபது, முழுசான எண் என்று சொன்னேன் இல்லையா. மற்ற சந்துக்காரர்களைப் பற்றிப் பொதுவாக வருந்துகிறேன்.

ஆகவே கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். அவ்வளவு கவனமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. ஓட்டுநரின் பெயரையும் அடித்துவிடுங்கள், அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். 'நிச்சயமா' என்று சொன்னது நான்தான்.

இன்னும் ஒன்று பாக்கி. போன வாரம் சகலை எங்கள் வாசலில் ஒரு போர்டு மாட்டினார். இந்த அறையிலேயே கடையைத் தொடங்கிவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் இந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, இதே வேண்டும் என்கிறார்கள். கலர் யார் தேர்வு என்று கேட்டால், என்னுடையது, ஷேட் கார்டு பார்த்தேன் என்கிறார்.  மறுநாள் ஆபீசில் அறுபதை அறுபத்தைந்து ஆக்கினேன்.

எங்கள் வீடு இப்போது பெரிய சாலையில் இருக்கிற பொதுக் கழிப்பறையோடு சேர்ந்திருக்கிறது. அதோடுதான் எங்களுக்கு நீளமான பொதுச் சுவர். வாடிக்கையாளர்கள் குறைந்துவிட்டார்கள். என் ரத்த அழுத்த மாத்திரையும் வரவில்லை, கூரியர்காரர் கழிப்பறை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். காலையிலிருந்து இடது கை கொஞ்சம் மரத்திருக்கிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அதற்குத்தான் என் மனைவி இன்னும் முனையில் நிற்கிறாள், நீங்கள் வழியில் மாட்டிக்கொண்டீர்கள்.

சைரன் கேட்கிறதா? அப்போதிருந்தே கேட்கிறது. மருந்துக்கடைக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். சரியாகத்தான் வருகிறார்கள், மேப்படி.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அறுபத்தைந்து வைத்தது படம் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருக்கட்டும் என்றுதான். சகலைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.